மேனுவல் காரில் பேடில் ஷிஃப்டர்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

அண்ணன் மகன் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை என் முன்னால் வைத்து, "சித்தப்பா, இதை எங்கே இணைப்பது?" என்று கேட்டான். உள்ளே இரண்டு அலுமினியத் தகடுகள். ஒன்றில் கூட்டல் குறி, மற்றொன்றில் கழித்தல் குறி. பின்பக்கத்தில் இருபுறமும் ஒட்டும் டேப். ஒயரும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. ஆட்டோமேட்டிக் கார்களில், ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னால் விரலால் தட்டிக் கியர் மாற்ற ஏற்கெனவே இருக்கும் பேடில் என்ற தகடு விரலுக்குச் சரியாக எட்டாதபோது அதை நீட்டிக்கொள்வதற்காக விற்கும் உறை அது. அவனுடையதோ ஐந்து கியர் மேனுவல் கார். "இதை எங்கேயும் இணைக்க முடியாதப்பா, ஒட்டத்தான் முடியும்" என்றேன். முகம் வாடிவிட்டது.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். விரல் அசைந்தால் கியர் மாறுகிறது என்றால், அந்தத் தகட்டில்தான் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் பேடில் என்பது அழைப்பு மணியின் பொத்தான். பொத்தானை மட்டும் வாங்கிச் சுவரில் பதித்தால் மணி அடிக்காது. செலவும் சிக்கலும் மணியில்தான் இருக்கின்றன. மேனுவல் காருக்கு அந்த மணியை எத்தனை விதமாக வாங்கலாம், எது யாருக்குப் பொருந்தும் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போவதை மெதுவாக நினைத்துப் பாருங்கள். வலது கால் ஆக்சிலேட்டரிலிருந்து எழுகிறது. இடது கால் கிளட்சை மிதிக்கிறது. கை, கியர் கம்பியை இரண்டிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளி, பக்கவாட்டில் இரண்டு விரற்கடை நகர்த்தி, மறுபடியும் முன்னால் தள்ளுகிறது. அந்தக் கடைசித் தள்ளலில் ஒரு சிறிய தயக்கம் உள்ளங்கைக்குத் தெரியும். பல்சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் சிங்க்ரோமெஷ் வளையம் உரசி ஒன்றாக்கும் கணம் அது. பிறகு கிளட்ச் மேலே வருகிறது, ஆக்சிலேட்டர் கீழே போகிறது. பழகிய ஓட்டுநருக்கு எல்லாமாகச் சேர்த்து அரை நொடியிலிருந்து ஒரு நொடி ஆகும். பேடில் பூட்டுவது என்றால் இத்தனை வேலைக்கும் ஆள் வைப்பது என்று பொருள்: கிளட்சுக்கு ஓர் ஆள், கியர் கம்பியின் இரண்டு திசைகளுக்கும் இரண்டு ஆட்கள், ஆக்சிலேட்டருக்கு ஓர் ஆள், இவர்களை மேய்க்க ஒரு மேஸ்திரி.

இந்த யோசனையைப் பந்தயத்தில் வெல்ல வைத்தது ஃபெராரி. ஜான் பர்னார்ட் வடிவமைத்த 640 என்ற ஃபார்முலா ஒன் பந்தயக் கார், 1989 மார்ச்சில் பிரேசில் கிராண்ட் பிரீயில் முதன்முறையாக இறங்கியது. நைஜல் மான்செல் அன்றே வென்றார். நடுவில் ஸ்டியரிங் சக்கரத்தையே கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டியிருந்தது என்பது வேறு கதை. அதே கார் அந்த ஆண்டு பல பந்தயங்களில் பாதியில் நின்றது. பல்சக்கரங்களைவிட, அவற்றை இயக்கும் மின்சாரம் ஒழுங்காக வந்து சேராததே பெரிய தொல்லை. உலகின் தலைசிறந்த பொறியாளர்களுக்கே அந்தக் கதி என்றால், கொட்டகையில் உட்கார்ந்து பூட்டும் நமக்கு என்ன கதி என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இருக்கிற கியர்பாக்சுக்கே ரோபோ வைப்பது

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கியர்பாக்ஸ் அப்படியே இருக்கட்டும், மேலே மோட்டார்களைப் பூட்டி, அவை கியர் கம்பியின் வேலையைச் செய்யட்டும் என்பது திட்டம். கேட்க எளிதாக இருக்கிறது.

முன்சக்கர இயக்கக் கார்களில் இது ஓரளவு நடக்கும் காரியம். அவற்றில் பெரும்பாலும் கியர் கம்பிக்கும் கியர்பாக்சுக்கும் நடுவில் இரண்டு கேபிள்கள் இருக்கும். ஒன்று பக்கவாட்டு அசைவைச் சொல்கிறது, மற்றொன்று முன்பின் அசைவைச் சொல்கிறது. கேபிளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒவ்வொரு மோட்டாரை வைக்கலாம். கியர் கம்பி நேராகக் கியர்பாக்சின் தலையிலேயே செருகியிருக்கும் பின்சக்கர இயக்கக் கார்களில், இருக்கைகளுக்கு நடுவிலுள்ள மேட்டுக்குள் கையை விடவே இடம் இருக்காது. மோட்டாரை எங்கே வைப்பது?

இடம் கிடைத்தாலும் கடினமான பகுதி கிளட்ச்தான். காலுக்கு ஓர் அறிவு உண்டு. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்று உள்ளங்கால் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. தட்டு தேயத் தேய அந்த இடம் நகர்கிறது, சூடானால் இன்னும் நகர்கிறது. மோட்டாருக்கு இதையெல்லாம் சென்சார் வழியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓடும்போது மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றுவது அதற்குப் பெரிய விஷயமில்லை. நின்ற இடத்திலிருந்து ஏற்றத்தில் கிளம்புவதும், நெரிசலில் ஒரு முழம் நகர்ந்து நிற்பதும், சுவரை ஒட்டி ரிவர்சில் ஊர்வதும்தான் அதற்குச் சோதனை. அரை கிளட்சில் சாமர்த்தியமாகச் செய்யும் இந்த வேலைகளில் மலிவான கிட்டுகள் குலுங்கிக் குலுங்கிக் கிளட்ச் தட்டைக் கருக்கிவிடும்.

அடுத்தது ஆக்சிலேட்டர். மேல் கியருக்குப் போகும்போது இன்ஜின் சற்று அடங்க வேண்டும், கீழ் கியருக்கு வரும்போது சற்று உறும வேண்டும். இப்போதைய கார்களில் ஆக்சிலேட்டர் பெடல் இரண்டு தனித்தனிச் சென்சார்கள் வழியாக இன்ஜின் கணினியுடன் பேசுகிறது. நடுவில் ஒரு பெட்டியைச் செருகி இரண்டு குரலிலும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். இரண்டும் கொஞ்சம் ஒத்துப்போகாவிட்டால் கணினி சந்தேகப்பட்டு, காரை நொண்டி நடையில் தள்ளிவிடும். டீசல் காராக இருந்தால் இன்னொரு சங்கடம்: தீப்பொறியைத் துண்டித்து இன்ஜினை அடக்கும் வழியே அங்கு இல்லை, எரிபொருளைத்தான் குறைக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு ரோபோவைப் பூட்டியிருந்தார். பூட்டியவர்கள் கிளட்ச் பெடலையே எடுத்துவிட்டார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரி உயிரை விட்டது. கார் முதல் கியரில், சுவருக்கு ஒரு சாண் தள்ளி, இன்னொரு காரை மறித்துக்கொண்டு நின்றது. பெடல் இல்லை, கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. நான்கு பேர் தள்ளியும் அசையவில்லை. கடைசியில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, கியர்பாக்சின் தலையில் இருந்த மோட்டார் இணைப்பை விடுவித்து, ஸ்பானரால் அந்தச் சிறிய கையை மெல்ல நெம்பினேன். நியூட்ரலில் விழுந்தபோது வந்த "டக்" என்ற ஓசை இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து யார் ரோபோவைப் பற்றிக் கேட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: மின்சாரம் இல்லாதபோது இதை நியூட்ரலுக்குக் கொண்டுவர என்ன வழி வைத்திருக்கிறார்கள்?

இவ்வளவுக்கும் பிறகு வேகம் கிடைக்குமா என்றால், கிடைக்காது. சிங்க்ரோமெஷ் வளையம் தன் நேரத்தை எடுத்துக்கொண்டே தீரும். மோட்டார் அவசரப்பட்டு அழுத்தினால் வளையம்தான் தேயும். நன்றாக ஓட்டத் தெரிந்தவரின் கையை இந்த ரோபோ வெல்வது அரிது. ஒரே ஒரு நன்மையை மனமாரச் சொல்வேன்: ஐந்திலிருந்து நான்குக்குப் பதிலாகத் தவறி இரண்டில் போட்டு இன்ஜினைச் சிதறவிடும் விபத்தை மேஸ்திரிக் கணினி அனுமதிக்காது, அதை ஒழுங்காக எழுதியிருந்தால்.

தொழிற்சாலையே செய்த ரோபோ

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. உங்கள் காரின் அதே மாடல், அதே கியர்பாக்சுடன், தொழிற்சாலையிலேயே ரோபோ பூட்டி ஏஎம்டி என்று விற்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் மோதிச் சிதைந்த ஒரு ஏஎம்டி காரிலிருந்து கியர்பாக்ஸ், கணினி, ஒயரிங், பெடல் தொகுதி என்று எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து மாற்றலாம். ஏற்றத்தில் கிளம்புவது முதல் கதவு திறந்திருந்தால் கியர் விழாமல் தடுப்பது வரை அங்கே ஏற்கெனவே யோசித்துவைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றை எடுத்து ஒன்றை விட்டால் வேலை நடக்காது. இன்ஜின் கணினி, பிரேக் கணினி, சாவியின் ரகசியக் குறியீடு, மீட்டர் பலகை எல்லாம் ஒன்றையொன்று அடையாளம் கேட்கும். அவற்றைச் சமாதானப்படுத்த உரிய ஸ்கேன் கருவியும் பொறுமையுள்ள ஆளும் வேண்டும். வெளியில் வாங்கிப் பூட்டும் கிட்டைவிட இதையே நான் மேலாகச் சொல்வேன். ஆனாலும் செலவுக் கணக்கைப் போட்டு முடித்ததும், முழு ஏஎம்டி காரையே வாங்கியிருக்கலாமே என்ற எண்ணம் வந்தே தீரும்.

ஏஎம்டியை நினைத்து யாரும் பந்தயக் கனவு காண வேண்டாம். 2002-இல் வந்த ஃபெராரி என்சோவும் ஒற்றைக் கிளட்ச் ரோபோதான். 150 மில்லிநொடியில் கியர் மாற்றியது. அதே வழியில் வந்த 430 ஸ்குடேரியா அதை 60 மில்லிநொடிக்குக் கொண்டுவந்தது. அங்கே உயர் அழுத்த ஹைட்ராலிக்கும் அதற்கென்றே செய்த கியர்பாக்சும் இருந்தன. தினசரிக் காரில் இருக்கும் ஏஎம்டி சௌகரியத்துக்காகச் செய்யப்பட்டது. கியர் மாறும்போது தலை ஒருமுறை முன்னால் ஆடும்.

வரிசைக் கியர்பாக்ஸ்

உண்மையிலேயே பேடிலுக்குப் பிறந்தது இதுதான். மோட்டார் சைக்கிளில் கால் நுனியால் மேலும் கீழும் தட்டுகிறோமே, அதே தத்துவம். உள்ளே பள்ளம் வெட்டிய ஓர் உருளை ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு படி திரும்புகிறது. பள்ளத்தின் வழியே நகரும் கவைகள் கியர்களை வரிசையாக மாற்றுகின்றன. பக்கவாட்டு அசைவே கிடையாது. ஆகவே ரோபோவுக்கு இரண்டு ஆட்கள் வேண்டாம், ஒரே ஆள் போதும். சிங்க்ரோமெஷுக்குப் பதிலாகத் தடித்த பற்கள் ஒன்றோடொன்று நேரடியாகக் கோத்துக்கொள்கின்றன; டாக் என்று சொல்வார்கள். பேடிலைத் தொட்டதும் தீப்பொறி சில பத்து மில்லிநொடிகள் துண்டிக்கப்படுகிறது, பற்களின் மேலுள்ள பளு விடுகிறது, காற்றழுத்த உந்துதண்டு உருளையை ஒரு படி தள்ளுகிறது. ஓடும்போது கிளட்சைத் தொடவே வேண்டாம். கிளம்பவும் நிற்கவும் மட்டும் பழையபடி காலால் மிதிக்கலாம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அதுதான். கடினமான அரை கிளட்ச் வேலை மனிதக் காலிடமே இருக்கிறது, இயந்திரம் தனக்கு நன்றாக வரும் வேலையை மட்டும் செய்கிறது.

குவைஃப், சாடேவ், ஹியூலண்ட் போன்ற நிறுவனங்கள் இத்தகைய பெட்டிகளைச் செய்கின்றன. பேடிலுக்குத் தனியாக ஒரு சிறிய கம்ப்ரசர், காற்றுத் தொட்டி, வால்வுகள், கியர் நிலையைச் சொல்லும் சென்சார், கணினி எல்லாம் வேண்டும். மொத்தச் செலவு பல நேரங்களில் காரின் விலையையே தாண்டும்.

பணம் இருந்தால் போதுமா? தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நேராக வெட்டிய பற்கள் ஊளையிடும். மெதுவாகப் போகும்போது ஒவ்வொரு கியரும் சம்மட்டியால் அடித்தது போல விழும். இந்தப் பெட்டியைத் தயங்கித் தயங்கி, மென்மையாக மாற்றினால் பற்களின் முனை மழுங்கும். அடித்து மாற்றினால்தான் அதற்கு நல்லது. எண்ணெயை அடிக்கடி மாற்றவும், அவ்வப்போது பிரித்துப் பார்க்கவும் வேண்டும். ஐந்தாவது கியரில் வந்து சிக்னலில் நிற்கும்போது, ஒவ்வொன்றாக இறங்கித்தான் முதல் கியருக்கு வர முடியும். வாரம் ஒருமுறை பந்தயத் தடத்துக்குப் போகிறவருக்கு இதெல்லாம் இன்பம். பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவருக்குத் தண்டனை.

பந்தயத் தடத்துக்கே போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே பெட்டியைப் பேடில் இல்லாமல், அழுத்தத்தை உணரும் சென்சார் பதித்த நேர்க்கம்பியுடன் வைத்துக்கொள்ளலாம். கம்பியை இழுக்கும் விசையை உணர்ந்து தீப்பொறி தானே துண்டிக்கப்படும். காற்று ஏற்பாடு முழுவதும் மிச்சம், கெட்டுப்போக வாய்ப்புள்ள உறுப்புகளும் பாதியாகக் குறையும். பேடிலின் கூடுதல் நன்மை கை ஸ்டியரிங்கை விட்டு நகராதது மட்டும்தான். அதற்கு அவ்வளவு விலை தரலாமா என்பது உங்கள் ஓட்டத்தைப் பொறுத்தது.

கியர் கம்பி எச் எழுத்தின் வடிவில் நகரும் வழக்கமான மேனுவல் பெட்டியின் மேலேயே ஓர் இயந்திர அமைப்பை வைத்து, முன்னும் பின்னும் தட்டும் கம்பியாக மாற்றித் தரும் பொருள்களும் உண்டு. ஜப்பானின் இகேயா ஃபார்முலா நெடுங்காலமாக இதைச் செய்கிறது. கையின் அசைவு எளிதாகும். உள்ளே சிங்க்ரோமெஷ் பழையபடிதான், கிளட்சும் பழையபடிதான். விளையாட்டுப் பொருளாக எனக்குப் பிடிக்கும்.

கிளட்சை மட்டும் கழற்றிவிடுவது

அண்ணன் மகனிடம் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "உனக்கு எது பிடிக்கவில்லை? கையை எடுப்பதா, காலை மிதிப்பதா?" சற்று யோசித்துவிட்டு, மாலை நெரிசலில் இடது முழங்கால் வலிக்கிறது என்றான். பேடில் ஆசை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் காலில்தான் இருக்கிறது. விரலுக்கு மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கியர் கம்பி அப்படியே இருக்க, கிளட்சை மட்டும் தானியங்கியாக்கும் எண்ணம் மிகப் பழையது. 1960-களின் இறுதியிலேயே போர்ஷே ஸ்போர்ட்டோமேட்டிக் என்ற பெயரிலும், ஃபோல்க்ஸ்வாகன் பீட்டில் காரில் வேறு பெயரிலும் இது வந்தது. கியர் கம்பியைத் தொட்டுத் தள்ளியதும் கிளட்ச் விட்டுவிடும். 1990-களில் சாப் நிறுவனம் சென்சோனிக் என்று கொண்டுவந்தது. 2020-இல் ஹூண்டாய் ஐஎம்டி என்ற பெயரில் கிளட்ச் பெடல் இல்லாத மேனுவலை விற்கத் தொடங்கியது. பழைய காரில் பூட்டுவதற்கும் இத்தகைய கருவிகள் உண்டு. இடது காலைப் பயன்படுத்த முடியாதவர்களுக்காகவே இவற்றைச் செய்து பூட்டுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கியர் கம்பியின் குமிழில் ஒரு சுவிட்ச், கிளட்சை இழுக்க ஒரு மோட்டார், ஒரு கணினி. அவ்வளவுதான்.

முன்பு சொன்ன அரை கிளட்ச் சங்கடம் இங்கேயும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் கியர் கம்பி கையில் இருப்பதால் சிக்கல் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. நியூட்ரல் எப்போதும் கைக்கு எட்டும். பல வடிவமைப்புகளில் கிளட்ச் பெடலையும் அப்படியே விட்டுவைக்கலாம். கருவி கெட்டால் அணைத்துவிட்டுக் காலால் ஓட்டி வீடு வந்துசேரலாம். ரோபோவில் இல்லாத நிம்மதி இது.

ஸ்டியரிங்கில் கைவைக்கும் முன்

எந்த வழியாக இருந்தாலும், பேடில் என்று முடிவு செய்துவிட்டால் அந்தச் சுவிட்சை எங்கே வைப்பது என்பது சில்லறை விஷயம் போலத் தோன்றும். அதில்தான் உயிராபத்து இருக்கிறது. ஸ்டியரிங் சக்கரத்துக்கும் அதன் தண்டுக்கும் நடுவில், ரிப்பன் போலச் சுருண்ட ஒரு கேபிள் இருக்கிறது. ஹார்னும் ஏர்பேக்கும் அதன் வழியாகத்தான் பேசுகின்றன. பேடில் ஒயருக்காக அந்தச் சுருளை வெட்டி ஒட்டினால், மோதும் நாளில் ஏர்பேக் விரியாமல் போகலாம், அல்லது வேண்டாத நாளில் விரியலாம். அதைவிட மோசம், பந்தயக் கார் தோற்றத்துக்காக ஏர்பேக் இல்லாத சிறிய சக்கரத்தை மாட்டுவது. தெருவில் ஓடும் காருக்கு அதை நான் எந்த நாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேடிலைச் சக்கரத்தில் வைக்காமல், பின்னால் அசையாத தண்டு உறையில் பூட்டுவது நல்ல வழி. சக்கரம் சுற்றும், பேடில் நின்ற இடத்திலேயே நிற்கும். 1997-இல் பேடிலுடன் வந்த ஃபெராரி எஃப்355-இலும் அப்படித்தான். ஒயர் சுருளுக்குள் போகவே வேண்டாம். கம்பியில்லாப் பேடில்களும் கிடைக்கின்றன. அவற்றின் சின்ன பேட்டரி எப்போது தீரும் என்ற கவலை எனக்கு ஒத்துவராது.

கியர் ஏற்பாட்டையும் ஓட்டுநர் கட்டுப்பாடுகளையும் மாற்றுவதற்குப் பல நாடுகளில் முன்அனுமதியோ ஆய்வோ தேவை. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் சொல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் திருப்ப வேண்டாம்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் பேடில் உள்ள காரையே வாங்கிவிடலாமே" என்றான் பையன். அதில் தவறே இல்லை. 2003-இல் ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் வந்த இரட்டைக் கிளட்ச் பெட்டி, அடுத்த கியரை முன்கூட்டியே கோத்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மேனுவல் காரில் எவ்வளவு கொட்டினாலும் தெருவுக்கு ஏற்ற அந்த மென்மையும் வேகமும் சேர்ந்து வராது. கையில் இருக்கும் காரின் மேல் தனிப்பட்ட பாசம் ஏதும் இல்லாதவர்களுக்கு இதுவே மலிவான வழி.

அவனுக்கோ பாசம் இருந்தது. அவன் அப்பா ஓட்டிய கார் அது. ஒரு சனிக்கிழமை அதைத் தூக்கி நிறுத்தி, கியர் கேபிள்களின் முனையில் நைந்துபோயிருந்த ரப்பர் புஷ்களை மாற்றினோம். கிளட்ச் ஹைட்ராலிக் குழாயில் நெடுநாளாகச் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினோம். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், கியர் வெண்ணெய் போல விழுகிறது என்றான். முழங்கால் வலி தொடர்ந்தால் தானியங்கிக் கிளட்ச் பூட்டலாம் என்று பேசிவைத்திருக்கிறோம். அந்த அலுமினியத் தகடுகளை, ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் தன் நண்பனுக்குக் கொடுத்துவிட்டான்.